முட்டைக்கோஸ் பாத்தியில் வந்த சாம்பல் தண்ணீர்

ஐயா, இந்தக் கடிதத்தைத் தங்களைத் தவிர வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் எழுத்தரிடம்கூடக் கொடுக்க வேண்டாம். படித்ததும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

அனுப்புநர்:
கிஸ்லேன் மேரோ, வயது 12,
மதகுக்காரர் அன்ஸெல்ம் மேரோவின் மகள்,
மதகு வீடு, வெர்னுவா,
சோன் ஆற்றங்கரை.

பெறுநர்:
உயர்திரு பிரிவுப் பொறியாளர் அவர்கள்,
ஆற்றுப் போக்குவரத்துப் பிரிவு அலுவலகம்.

பொருள்: வெர்னுவா படகு மதகின் வலது பக்கச் சுவருக்கு அடியில் ஆற்றுத் தண்ணீர் வழி கண்டுபிடித்திருப்பது – சுவர் சரிவதற்குள் அணையைப் படுக்க வைக்க ஆணையிட வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்கு என்னை நினைவிருக்கலாம். அக்டோபர் 17, வியாழக்கிழமை, தாங்கள் எங்கள் மதகைப் பார்வையிட வந்தபோது தங்கள் குடையை வாங்கி அடுப்பருகில் காய வைத்தவள் நான்தான். அன்று தாங்கள் எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் சூப் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அம்மா அதை வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விண்ணப்பம் எழுதும் முறையைப் பள்ளியில் தேர்வுக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

2. எங்களுக்குப் பொதுவாக எந்தக் குறையும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அலுவலகம் கொடுத்திருக்கும் வீடு நல்ல வீடு. கூரை ஒழுகுவதில்லை. காலையில் மக்காச்சோளக் கூழ், வியாழக்கிழமைகளில் ஆற்று மீன். கோதுமையும் நிலக்கரியும் ஏற்றிய படகுகள் மதகுக்குள் வந்து, கீழ்க்கதவை மூடித் தண்ணீர் விட்டதும், ஓர் ஆள் உயரத்துக்கு மெல்ல எழும்பும். அப்போது படகுக்காரர்களின் சமையலறை ஜன்னல் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்து நிற்கும். அவர்கள் வீட்டு வெங்காயம் வதங்கும் வாசனையை வைத்தே யார் படகு என்று அம்மா சொல்லிவிடுவார். நான் பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. ஆகவே நான் குறை சொல்லும் சுபாவம் உள்ளவள் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது.

3. ஆனால் அன்று தாங்கள் பார்த்தது உண்மையல்ல. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

4. மதகின் மேல்கதவு மிகவும் பழையது. மூன்று வருடமாக ஒழுகுகிறது. அப்பாவும் மூன்று தடவை அலுவலகத்துக்கு எழுதினார். 'பொறுமை' என்ற படகின் சொந்தக்காரி மதாம் வெர்மெர்ஷ் (படகின் பெயர் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது) ஒவ்வொரு முறையும் கீழே நின்று நனைந்துகொண்டே கத்துவார்: "ஏம்ப்பா மேரோ, இது கதவா, இல்ல எங்க வீட்டுப் பால் வடிகட்டியா? அடுத்த தடவ வரும்போது சோப்பு எடுத்துட்டு வர்றேன், குளிச்சுட்டுப் போறேன்!" அப்பா பதிலுக்கு, "வாரத்துக்கு ஒரு தடவையாவது குளிக்கணும்ல மதாம், அதான் உங்களுக்காகத் திறந்து வச்சிருக்கேன்" என்பார். இப்படிச் சிரித்தே மூன்று வருடம் ஓடிவிட்டது.

5. இந்த வருடம், ஒழுகும் மதகுகளை மூடிவிட்டு அங்குள்ளவர்களை வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. மேல்மதகுக்காரர் சொன்னார், படகுக்காரர்களும் சொன்னார்கள். வேலை போனால் வீடும் போகும். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "சாம்பல் போட்டுடலாம்" என்றார்.

6. தங்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாமலிருந்தால் சொல்கிறேன். மூடிய கதவின் மேல்பக்கம் தண்ணீரில் சாம்பலைத் தூவினால், எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு போய் அடைத்துவிடும். மறுபடி கதவைத் திறக்கும்வரை சொட்டுக்கூட விழாது. கோடையில் தண்ணீர் குறையும்போது எல்லா மதகுக்காரர்களும் செய்வதுதான். பார்வைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் செய்யக் கூடாது.

7. எங்கள் வீட்டுச் சாம்பல் போதவில்லை. ரொட்டிக்கடையிலும் காபிக்கடையிலும் வாங்கினோம். பள்ளி அடுப்பின் சாம்பலை நான் கேட்டு வாங்கினேன். "இவ்வளவு சாம்பல் எதுக்கு கிஸ்லேன்?" என்று ஆசிரியை கேட்டார். "கோஸ் பாத்திக்குப் போட, மத்மொசேல்" என்றேன். அது பொய். அந்தப் பொய் பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்த மனு.

8. வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பா கதவின் இடது பாதிக்குப் போட்டார். வலது பாதிக்கு, எங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவரை ஒட்டி, நான் போட்டேன். பதினொரு வாளி. மதாம் வெர்மெர்ஷ் தன் படகைக் கீழேயே கட்டிப்போட்டுவிட்டு, "எஞ்சின் இருமுது மேரோ! அந்தப் பெரிய மனுஷன் போற வரைக்கும் இருமும்!" என்று கத்தினார். படகு ஏன் நிற்கிறது என்று தாங்கள் கேட்டபோது அவர் சொன்னதும் நினைவிருக்கலாம்: "வயசாயிடுச்சுங்க ஐயா, எங்க வீட்டுக்காரரு மாதிரி. காலையில உசுப்பினா எழும்பாது." தாங்கள் மிகவும் சிரித்தீர்கள். பிறகு தங்கள் கைத்தடியால் கதவைத் தட்டிப் பார்த்து, "மேரோ, இந்தக் கதவு ஒழுகுதுன்னு மூணு கடிதம் எழுதியிருக்கே. எங்கய்யா ஒழுகுது? என் வீட்டுக் குழாய்தான் ஒழுகுது" என்றீர்கள். அப்பா தொப்பியைக் கழற்றி, "படகுக்காரங்க சாமி, புனித நிக்கோலா பாத்துக்கிட்டாருங்க" என்றார். தங்கள் வண்டி நெட்டிலிங்க மரங்களைத் தாண்டியதும் 'பொறுமை'யின் இருமல் நின்றுவிட்டது. கதவைத் திறந்தோம். சாம்பல் ஆற்றோடு போயிற்று. கதவு பழையபடி ஒழுகத் தொடங்கியது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

9. ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சாம்பல் போடும்போது, கதவிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சுவரை ஒட்டித் தண்ணீரில் ஒரு சிறு சுழி இருந்தது. காபித் தட்டு அளவுதான். அதுவும் கதவு விரிசலுக்குத்தான் போகிறது என்று நினைத்து அங்கே போட்டேன். மற்ற இடங்கள் ஒரு வாளியில் அடைந்துவிட்டன. அந்தச் சுழி மூன்று வாளி குடித்தும் அடையவில்லை. நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன். அது பள்ளி அடுப்பின் சாம்பல்.

10. மறுநாள் வெள்ளிக்கிழமை முயலுக்கு இலை பறிக்கப் போனபோது கோஸ் பாத்தியின் நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாத்தி, சுவரிலிருந்து என் காலடிக்கு இருபத்திரண்டு அடி தள்ளி, வீட்டுக்குக் கீழ்ப்புறம் பள்ளத்தில் இருக்கிறது. கையை விட்டேன். விரலில் கருகிய கஷ்கொட்டை ஓடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் கஷ்கொட்டை சுடுவதில்லை. பள்ளியில், மத்மொசேல் திரும்பி நிற்கும்போது, நாங்கள்தான் அடுப்பில் சுட்டுத் தின்று ஓட்டை உள்ளேயே போட்டுவிடுவோம். ஆகவே அந்தத் தண்ணீர் ஆற்றிலிருந்து சுவருக்கு அடியாகத்தான் வந்திருக்க வேண்டும். கஷ்கொட்டை ஓடு நுழையும் அளவுக்கு அங்கே வழி இருக்கிறது. கோஸ் பாத்திக்குச் சாம்பல் என்று நான் சொன்ன பொய்யை ஆறு ஒரே இரவில் உண்மையாக்கிவிட்டது.

11. அன்று முதல் தினமும் பள்ளி விட்டு வந்ததும் பார்க்கிறேன். ஊற்றின் வாயில் பால் குவளையை வைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்வேன். முதல் வாரம் குவளை நிறைய நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஒரே முறை, அதுவும் எட்டேழு ஐம்பத்தாறு வரும்போதே நிறைந்துவிடுகிறது. ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்றைப்போல மணல் வளையம் கட்டியிருக்கிறது. அந்த மணல் எங்கள் தோட்டத்து மண் இல்லை, வெள்ளையாக இருக்கிறது. சுவருக்கு அடியில்தான் அப்படி வெள்ளை மணல் என்று, கீழ்க்கதவு மாற்றியபோது அப்பாவே சொன்னார். சுவருக்கும் பாத்திக்கும் நடுவில் இருக்கும் முயல் கூட்டின் கதவு பத்து நாளாகச் சாத்த மாட்டேன் என்கிறது.

12. வீட்டில் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். "தோட்டத்துல ஊத்து எடுத்திருக்கே அப்பா?" என்றேன். "நவம்பர்ல எடுக்காம ஆகஸ்ட்லயா எடுக்கும்?" என்றார் அப்பா. அம்மா, "எடுக்கட்டுமே! தண்ணி தூக்குற வேலை மிச்சம். கோஸ் ஒவ்வொண்ணும் பாதிரியார் தலை அளவுக்கு வந்திருக்கு" என்றார். முயல் கூட்டுக் கதவுக்கு, "மரம் ஊறிப்போச்சு" என்று அப்பா அதை இழைத்துச் சரிசெய்தார். மூன்று நாளில் மறுபடி இறுகிவிட்டது. கஷ்கொட்டை ஓட்டை நான் காட்டவில்லை.

13. ஏன் காட்டவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அக்டோபர் 28 அன்று தங்கள் கடிதம் வந்தது. இந்தப் பிரிவிலேயே மிகவும் இறுக்கமான மதகு வெர்னுவா மதகு என்றும், அப்பாவின் பராமரிப்பு மற்றவர்களுக்கு முன்மாதிரி என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். அப்பா அதற்குச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார். பெயின்ட் அடிக்கும்போது விசில் அடிக்கிறார். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்கு அழைத்துப் போனார். மதாம் வெர்மெர்ஷ்கூட, "வாங்க முன்மாதிரி, கயித்தப் புடிங்க முன்மாதிரி" என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கஷ்கொட்டை ஓட்டைக் காட்டினால், சாம்பல் போட்டதையும் அப்பா தன் வாயால் தங்களிடம் சொல்ல வேண்டிவரும்.

14. அதே கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. எங்கள் மதகு நன்றாக இருப்பதால் குளிர்காலப் பழுது வேலைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, முக்குளிப்பவரையும் கதவுக்கான மரங்களையும் வேறு மதகுக்கு அனுப்புவதாக ஒரு வரி. சரக்கு அதிகம் என்பதால் இந்த வருடம் கிறிஸ்துமஸ் வரை அணையை நிமிர்த்தியே வைத்திருக்கலாம், முன்னதாகப் படுக்க வைக்க வேண்டாம் என்று இன்னொரு வரி. அப்பா அந்த இரண்டு வரிகளையும் சத்தமாகப் படிக்கவில்லை. சட்டத்துக்குள் அவை மறைந்துவிட்டன. நாங்கள் போட்ட சாம்பல்தான் எங்களுக்கு வர வேண்டிய உதவியை அடைத்துவிட்டது, ஐயா.

15. மதகை ஒட்டி ஆற்றை மறித்து நிற்கும் எங்கள் அணை கல் அணை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். இரும்புச் சட்டங்களில் சாய்த்து வைத்த நானூறு மரக்கட்டைகள். நாங்கள் ஊசி என்று சொல்வோம். வெள்ளம் வரும் முன் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, சட்டங்களை ஆற்றின் அடியில் மடக்கிப் படுக்க வைத்துவிடுவோம். அணை படுத்துவிட்டால் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். சுவருக்கு அடியில் தள்ளுவதற்கு எதுவும் இருக்காது. அணை நிற்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் போனால் எங்கள் வீடு அதற்குப் பக்கத்தில். கீழே 'பொறுமை' கட்டியிருக்கும். அதில் மதாம் வெர்மெர்ஷும் அவர் கணவரும் கைக்குழந்தையோடு அவர்கள் மருமகளும் தூங்குவார்கள். இன்று குவளை முன்னைவிடச் சீக்கிரம் நிறைந்தது. தண்ணீர் தெளிவாகவும் இல்லை. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

16. ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து:

அ) எங்கள் அணையை இந்த வாரமே படுக்க வைக்கும்படி ஆணையிட வேண்டுகிறேன். காரணம் கேட்டால் மேலே மலைப் பக்கம் பலத்த மழை என்று எழுதலாம். அங்கே எப்போதும் மழைதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆ) முக்குளிப்பவரை அனுப்பி, கதவிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வலது சுவரின் அடியைப் பார்க்கச் சொல்ல வேண்டுகிறேன். அவர் எதேச்சையாகக் கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

இ) அக்டோபர் 17 அன்று கதவு ஏன் காய்ந்திருந்தது என்று அப்பாவைக் கேட்க வேண்டாம். யாரையாவது தண்டித்தே ஆக வேண்டுமென்றால், பதினொரு வாளியும் போட்டவள் நான். என்னை அடுத்த வருடத் தேர்வு எழுத விடாமல் நிறுத்தலாம். அந்தச் சட்டம் போட்ட கடிதத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்.

ஈ) எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஊர்த் தபால்காரிக்குத் தங்கள் அலுவலக உறை தெரியும். அவருக்குத் தெரிந்தால் ரொட்டிக்கடைக்கும் தெரிந்த மாதிரி. இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல், காலையில் கீழே போகும் மதாம் வெர்மெர்ஷிடம்தான் கொடுக்கப் போகிறேன். பள்ளிப் போட்டிக்கான கட்டுரை என்று சொல்லுவேன். இது என் கடைசிப் பொய்யாக

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. விளக்கு வெளிச்சம் கதவுக்கு அடியில் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். மன்னிக்கவும் ஐயா, யாரோ கதவைத் தட்டு

*

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கு மேல் எழுதுவது மதகுக்காரன் அன்ஸெல்ம் மேரோ. விளக்கை அணைக்கச் சொல்லத்தான் கதவைத் தட்டினேன். என் மகள் தாளின் மேல் படுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்றாள். பிறகு எழுந்து, தானே என் கையில் கொடுத்தாள். முழுவதும் படித்தேன்.

மேலே எழுதியிருப்பதெல்லாம் உண்மை. இரண்டு திருத்தங்கள் மட்டும். சாம்பல் பதினொரு வாளி இல்லை, பத்தொன்பது. எட்டை நான் போட்டேன். போடச் சொன்னதும் நான்தான். அவள் சொன்னதைச் செய்தாள். அடுத்து, சுவரிலிருந்து பாத்திக்குத் தூரம் அவள் காலடிக்கு இருபத்திரண்டு. என் காலடிக்குப் பதினைந்துதான். நாம் எல்லோரும் நினைப்பதைவிடப் பக்கம்.

லாந்தரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாத்தியில் வைத்த கால் கணுக்கால் வரை இறங்கியது. முயல் கூட்டுக் கதவை நான் இழைத்தேனே தவிர, அது நின்ற தரையைக் குனிந்து பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் இந்தச் சுவரோடு இருப்பவன் பார்த்திருக்க வேண்டும். பார்க்க மனம் வரவில்லை.

மதாம் வெர்மெர்ஷைக் கூப்பிட்டு எழுப்பிப் படகை ஒரு மைல் கீழே கொண்டுபோகச் சொன்னேன். என்ன விஷயம் என்று சொன்னதும் அவர் வாயில் வசவு எதுவும் வரவில்லை. அவருக்கும் எனக்கும் உள்ள பழக்கத்தில் இது முதல் தடவை. போகும்போது, "ஏய்யா, அந்தப் புள்ளைய அடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அடிச்சிருந்தா படகைத் திருப்பிக்கிட்டு வந்து உன்னை அடிச்சிருப்பேன்" என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஊசிகளை உருவத் தொடங்குகிறேன். ரொட்டிக்கடைக்காரரும் அவர் தம்பியும் உதவிக்கு வருகிறார்கள். அவர்கள் கொடுத்த சாம்பலுக்கு அவர்களும் பொறுப்பு என்று அவர்களே சொல்கிறார்கள். தங்கள் ஆணை இல்லாமல் அணையைப் படுக்க வைப்பது குற்றம் என்று தெரியும். இந்த மனு தங்கள் கைக்கு வரும்போது ஆறு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் உள்ள மதகுகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். நிலக்கரிப் படகுக்காரர்கள் தங்களைத்தான் திட்டுவார்கள். அதற்கும் மன்னிக்கவும்.

தங்கள் பாராட்டுக் கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடியில் உள்ள இரண்டு வரிகளை நான் அன்றே படித்தேன். என் மகள் வைத்த கோரிக்கைகளில் (ஆ)-வை மட்டும் தயவுசெய்து நிறைவேற்றுங்கள். (அ) முடிந்துவிட்டது. (இ)-யை அடித்துவிடவும். கேட்க வேண்டியதையெல்லாம் என்னைக் கேளுங்கள், நானே சொல்கிறேன். மதகுக்கு வேறு ஆளை நியமிப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவியுங்கள், முயல்களை விற்க வேண்டும். இல்லையென்றால், தாங்கள் நேரில் வரும்போது சூப் உண்டு. கோஸ் எல்லாவற்றையும் இன்றே அறுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், அதன் பிறகு பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது.

கிஸ்லேன் தூங்கிவிட்டாள். ஒரு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்று அவள் அம்மா இப்போது சொல்கிறாள்.

இந்த மனுவை மறைவாகக் கொடுத்தனுப்பவில்லை. ஊர்த் தபால்காரியின் கையிலேயே கொடுக்கிறேன். தாங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

இணைப்பு:
கருகிய கஷ்கொட்டை ஓடு, மூன்று துண்டு.
பால் குவளையில் பிடித்த வெள்ளை மணல், ஒரு பொட்டலம்.
தங்கள் 28.10.1957 தேதியிட்ட கடிதம்.

இடம்: வெர்னுவா மதகு
நாள்: 20 நவம்பர் 1957, காலை நான்கரை மணி

தங்கள் பணிவுள்ள,
அன்ஸெல்ம் மேரோ, மதகுக்காரர்

மனுவை எழுதியவர்:
கிஸ்லேன் மேரோ
(தூங்குவதால் அவளுக்காக அப்பா)